109ஆம் பிரிவும் 109 ரூபாவும்

கெஹெலிய ரம்புக்வெல்ல உள்ளுக்குப் போனதோட மருந்துப் பிரச்சினை முடிஞ்சுது என்று நினைக்கிற நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுறன். வந்தாறுமூலையில எங்கட கன்டீன் மேசையில இந்தக் கதை வந்தா எப்பவும் ஒரே முடிவுதான்: "கள்ளன் பிடிபட்டுட்டான், வழக்கு நடக்குது, இனி என்ன?" கள்ளன் என்றால் கள்ளன்தானா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அது அவங்கட வேலை. எனக்கிருக்கிற கேள்வி வேற. வீட்டுக் கதவு ஏன் திறந்து கிடந்தது? திறந்து கிடக்கட்டும் என்று விட்டது யாரு? அவங்களுக்கு அதால என்ன லாபம்?

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி விடுறன், ஏனென்றால் செய்தித் தலைப்போட நின்றுவிட்டவர்கள் நிறையப் பேர். 2022 பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை. டொலர் இல்லை, வாங்க வழி இல்லை. அந்த நேரம் "அவசரக் கொள்வனவு" என்ற வாசல் அகலத் திறக்கப்பட்டது. அந்த வாசலால் வந்ததில் ஒன்றுதான் இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து. உள்ளூர்க் கம்பனி ஒன்று விநியோகித்தது. இந்தியாவில் தயாரித்தது என்று போத்தலில் பெயர் போடப்பட்டிருந்த கம்பனியோ, "நாங்கள் அப்படி ஒன்றை இலங்கைக்கு அனுப்பவே இல்லை" என்றது. நோயெதிர்ப்புச் சக்தி குறைந்து, ஐ.சி.யூ.வில் உயிருக்குப் போராடுகிற ஆக்களுக்கு ஏற்றுகிற மருந்து இது. விலையும் அதற்கேற்ற விலை.

அதே 2023இல் கண் சத்திரசிகிச்சை செய்த நோயாளிகளுக்குச் சொட்டு மருந்தால் தொற்று வந்தது. ஊசி போட்ட பிறகு மரணங்கள் நடந்து ஊரெல்லாம் கொதித்தது. எதிர்க்கட்சி சுகாதார அமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டு வந்தது. 2023 செப்டம்பர் 8ஆம் திகதி வாக்கெடுப்பு. ஆதரவாக 73, எதிராக 113. அமைச்சர் தப்பினார். அடுத்த மாதம் அவரைச் சுகாதாரத்தில இருந்து எடுத்து சுற்றாடல் அமைச்சில போட்டார்கள். 2024 பெப்ரவரி 2ஆம் திகதிதான் கைது. சுகாதார அமைச்சின் செயலாளராக இருந்தவரும் வேறு அதிகாரிகளும்கூடக் கைதானார்கள்.

கைதான ஆக்களைப் பற்றி எல்லாரும் எழுதிட்டாங்க. நான் கேக்கிறது அந்த 113ஐப் பற்றி. அந்த 113 பேரும் மருந்துக் கம்பனியிடம் காசு வாங்கினார்கள் என்று சொல்ல வரவில்லை. சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. உங்களிடமும் இல்லை. யாரிடமும் இல்லை. பிரச்சினையே அதுதான். அவர்கள் எல்லாரும் 2020 பொதுத் தேர்தலில் வென்று வந்த நாடாளுமன்றத்தின் உறுப்பினர்கள். அந்தத் தேர்தலில் யார் யாருக்குக் காசு கொடுத்தார் என்று கேட்க இந்த நாட்டில் ஒரு சட்டம் இருக்கவில்லை.

இப்ப அந்த வாசலுக்கு வருவம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், அதாவது தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம், ஒரு மருந்தைப் பதிவு செய்யாமல் நாட்டுக்குள் கொண்டுவரவோ விற்கவோ முடியாது என்கிறது. பதிவு என்றால் சும்மா இல்லை. எங்கே செய்தது, யார் செய்தது, உள்ளே என்ன இருக்கு, தரம் என்ன, எல்லாத்துக்கும் ஆவணம் வேணும். ஆனா அதே சட்டத்தின் 109ஆம் பிரிவு, உயிரைக் காப்பாற்ற, தொற்றுநோயைக் கட்டுப்படுத்த, தேசிய அவசர நிலை போன்ற விசேட சந்தர்ப்பங்களில் குறிப்பிட்ட அளவு மருந்தைப் பதிவில்லாமலே இறக்க அனுமதி கொடுக்கலாம் என்கிறது. இது கெட்ட பிரிவு இல்லை. நாளைக்கே புதுசா ஒரு காய்ச்சல் வந்தா, பதிவு முடியுமட்டும் காத்திருக்க ஏலாது. எந்த நாட்டுச் சட்டத்திலயும் இப்படி ஒரு வழி இருக்கத்தான் வேணும்.

ஆனா அந்த வழியால யார் போகிறார்கள் என்று பார்க்க ஜன்னல் இல்லை. எந்த மருந்துக்கு விலக்கு, யார் கேட்டார், எந்த இறக்குமதியாளர், எத்தனை ஆயிரம் போத்தல், என்ன காரணம்: இது ஐந்தையும் அனுமதி கொடுத்த அன்றைக்கே ஒரு பக்கத்தில் போட்டிருந்தால், இம்யூனோகுளோபியூலின் கதை ஒரு வைத்தியரோ மருந்தாளரோ கிழமைக்குள் பிடித்திருக்கக்கூடிய கதை. அந்தப் பக்கத்தைப் போடு என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இப்படியான விடுபடல் யாருக்கு வசதி என்று கேட்டால், நோயாளிக்கு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

"லொபி" என்ற சொல்லைக் கேட்டவுடன எங்கட ஆக்களுக்கு அமெரிக்கப் படம்தான் ஞாபகம் வரும். கோட் சூட் போட்டவன், வொஷிங்டன், ஒரு பெரிய ஹோட்டல். எங்கட நாட்டில ஆஸ்பத்திரி இலவசம், இங்க என்ன லொபி என்று கேட்கிறார்கள். உண்மையில் உலகத்திலேயே மருந்துக் கம்பனிகளின் லொபியை மிக வெளிப்படையாகச் சந்தித்த நாடுகளில் ஒன்று இலங்கை. அதைச் சந்தித்தவர் பேராசிரியர் சேனக பிபிலே.

பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி, மருந்தியல் பேராசிரியர், சமசமாஜக் கட்சிக்காரர். அவரும் கம்யூனிஸ்ட் கட்சியின் வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் சேர்ந்து 1971இல் அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். அதில இருந்துதான் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் பிறந்தது. பிபிலே அதன் முதல் தலைவர். யோசனை மிக எளிமையானது. ஒரே மருந்து நாற்பது பெயரில் வருகிறது. பெயருக்கு நாங்கள் காசு கொடுக்கிறோம். ஆகவே தேவையான மருந்துகளை மட்டும் பட்டியல் போடு, பொதுப்பெயரில் வாங்கு, உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக ஒரே இடத்தால் வாங்கு. நாட்டில் அப்போது புழக்கத்தில் இருந்த சுமார் 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைந்தன. மூலப்பொருளையும் கூட்டுத்தாபனமே வாங்கத் தொடங்கியது. டெட்ராசைக்கிளின் மூலப்பொருளுக்கு பைசர் கம்பனி தன் தாய்க் கம்பனிக்குக் கட்டிக்கொண்டிருந்த விலை, வேறு இடத்தில் வாங்கினால் கொடுக்க வேண்டிய விலையைப்போல் சுமார் ஐந்து மடங்கு என்று தெரியவந்தது. அதாவது தன் பொக்கற்றிலிருந்து எடுத்துத் தன் மற்றப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, நடுவில் இலங்கையிடம் கட்டணம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

1974இல் கொலரா வந்தது. டெட்ராசைக்கிளின் அவசரமாகத் தேவை. கூட்டுத்தாபனம் வாங்கி வைத்திருந்த மூலப்பொருள் இருக்கிறது. கப்சூலாக்கும் இயந்திரம் இங்கேயே பைசரிடம் இருக்கிறது. பைசர் மாட்டேன் என்றது. வேறொரு கம்பனியின் மூலப்பொருளைத் தன் இயந்திரத்தில் போட அவர்களுக்கு விருப்பமில்லை. சனம் வயிற்றோட்டத்தில் சாகும்போது மருந்தை வெளிநாட்டில் இருந்து விமானத்தில் இறக்க வேண்டி வந்தது. கைத்தொழில் அமைச்சர் டி.பி. சுபசிங்க, பைசரை அரசுடைமையாக்குவோம் என்ற இடத்துக்குப் போனார். அமெரிக்கத் தூதுவர் நேரடியாகப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவிடம் போய்ப் பேசினார். அரசுடைமையாக்கல் அதோடு நின்றது. அந்த வருடம் இந்த நாடு மாவுக்கும் அரிசிக்கும் வெளிநாட்டு உதவியை எதிர்பார்த்து நின்ற பஞ்ச வருடம் என்பதை எங்கட தாத்தாமாரிடம் கேட்டால் சொல்வார்கள். பாணுக்குக் கியூவில் நிற்கிற நாட்டின் பிரதமரிடம் அமெரிக்கத் தூதுவர் "வேண்டாம்" என்றால், அது வேண்டுகோளா கட்டளையா என்று நீங்களே யோசியுங்கோ.

இந்தக் கதையை பிபிலேயே பொருளியலாளர் சஞ்சய லாலுடன் சேர்ந்து எழுதினார். 1977இல் ஒரு ஆய்விதழில் வெளிவந்தது. அதே 1977இல் ஆட்சி மாறியது, திறந்த பொருளாதாரம் வந்தது, மருந்து இறக்குமதி தனியாருக்கு மறுபடி திறந்துவிடப்பட்டது. செப்டம்பர் 29ஆம் திகதி பிபிலே கயானாவில் இறந்தார். அவரைக் கொன்றார்கள் என்று ஒரு கதை இன்றைக்கும் பேஸ்புக்கில் வருடா வருடம் சுற்றும். தயவுசெய்து அதை விடுங்கோ. அந்த மர்மத்தை ரசிக்கிறதால ஒரு பயனும் இல்ல. மனிதரை யார் கொன்றார் என்று தேடுகிற நேரத்தில், கொள்கையை யார் கொன்றார் என்பதை மறந்துவிடுகிறோம். அது மர்மம் இல்லை, பட்டப்பகலில் நடந்தது. கம்பனிகள், தூதரகம், பொதுப்பெயர் மருந்து தரமில்லை என்று பிரசாரம் செய்த உள்ளூர் வைத்தியர்களில் ஒரு பகுதி, பிறகு வாக்குப்பெட்டி.

பிபிலே இறந்த அந்த 1977இலேயே உலக சுகாதார ஸ்தாபனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. பங்களாதேஷ் 1982இல் ஒரு மருந்துச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சஃப்ருல்லா சௌத்ரி என்ற வைத்தியர் அதன் பின்னால் நின்றார். அங்கேயும் அமெரிக்கத் தூதரகம் வந்தது, கம்பனிகள் வந்தன, வைத்தியர் சங்கம் எதிர்த்தது. அந்தச் சட்டம் தப்பிப் பிழைத்தது. இன்றைக்கு பங்களாதேஷ் தனக்குத் தேவையான மருந்தில் பெரும்பகுதியைத் தானே செய்து வெளிநாட்டுக்கும் விற்கிறது. நாங்கள் 80 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். சட்டத்தைக் கொண்டுவந்தது எர்ஷாத் என்ற இராணுவ ஆட்சியாளர் என்பது எனக்குக் கசக்கிற விசயம். தேர்தலில் வந்த அரசாங்கத்துக்கு வராத முதுகெலும்பு, தேர்தலில் வராதவருக்கு வந்திருக்கிறது. அதற்காகச் சர்வாதிகாரம் நல்லது என்று யாரும் கொமண்ட் போட வரவேண்டாம். தேர்தல் அரசியலின் காசு எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

பிபிலேயின் கொள்கை 2005இல் மறுபடி அமைச்சரவைக்கு வந்து, தேசிய மருந்துக் கொள்கையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. சட்டமானது 2015இல். பத்து வருடம். ஒவ்வொரு சுகாதார அமைச்சரும் பிபிலேயின் படத்துக்கு மாலை போட்டார், சட்டமூலம் "தயாராகிறது" என்றார். மைத்திரிபால சிறிசேன நான்கு வருடம் சுகாதார அமைச்சராக இருந்து செய்ய முடியாததை, ஜனாதிபதியாகி 100 நாள் வேலைத்திட்டத்தில் போட்டபோது இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பத்து வருடம் தாமதித்தது சட்டம் எழுதத் தெரியாமல் இல்லை.

இதே மாதிரி இன்னொன்று, இது நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிற கதை. சிகரட் பெட்டியில் 80 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2012இல் ஒழுங்குவிதி வந்தது. இலங்கைப் புகையிலைக் கம்பனி நீதிமன்றம் போனது. இரண்டு வருடம் இழுபட்டு, 60 சதவீதத்துக்கு இறங்கியது. 2015 மார்ச்சில் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 ஆக்கியது. நீதிமன்றம் போவது கம்பனியின் உரிமை, சரி. ஆனா அந்த இரண்டு வருடம் படமில்லாமல் விற்ற பெட்டிகளின் லாபம் அவர்களுக்கு, இருமல் எங்களுக்கு. வழக்கில் தோற்றாலும் தாமதத்தில் வெல்லலாம் என்பதுதான் லொபியின் முதல் பாடம்.

மருந்து விலைக்கும் இதே கதை. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்சபட்ச விலை வர்த்தமானியில் வந்தது. இறக்குமதியாளர்கள் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார்கள். 2022இல் ரூபா விழுந்தபோது மார்ச்சில் 29 சதவீதம், ஏப்ரல் கடைசியில் 60 மருந்துகளுக்கு 40 சதவீதம் என்று விலை ஏறியது. நியாயமாகப் பேசினால் இறக்குமதியாளர்களின் வாதம் முழுப் பொய் இல்லை. டொலர் 200இல் இருந்து 360க்குப் போனால் பழைய விலைக்கு யாரும் மருந்து கொண்டுவர மாட்டார்கள், பார்மசித் தட்டுத்தான் காலியாகும். ஆனா அந்த வாதத்தை அமைச்சரின் மேசைக்குக் கொண்டுபோக அவர்களுக்குச் சம்மேளனம் இருக்கிறது, சட்டத்தரணி இருக்கிறார், கணக்காளர் இருக்கிறார். எங்கட அம்மம்மாவுக்கு என்ன இருக்கு? சீனி வருத்தம், பிரஷர், ஒரு கிளினிக் கொப்பி. கிளினிக்கில் பாதி மருந்தைத் தந்து, மிச்சத்துக்கு ஒரு துண்டை எழுதி "இத வெளியில வாங்குங்க" என்பார்கள். அந்த வருடம் அந்தத் துண்டோடு பார்மசிக்குப் போனால் அம்மம்மா கேட்கிற முதல் கேள்வி விலை இல்லை. "பாதிக் காட் தருவீங்களா மனே?" ஒரு மாதத்து மருந்தை இரண்டு மாதம் விழுங்கினார். அவரை எந்த ஆலோசனைக் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. அவரைப்போல எத்தனை பேர் என்று எந்தக் கோப்பிலும் இல்லை.

இனி 109 ரூபா.

இந்த நாட்டில் தேர்தல் செலவுக்கு ஒரு காலத்தில் கட்டுப்பாடு இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தேர்தல் கட்டளையில் வேட்பாளர் செலவுக்கு எல்லை, கணக்குக் காட்டும் கடமை எல்லாம் இருந்தன. 1981இல் புதிய நாடாளுமன்றத் தேர்தல்கள் சட்டம் வந்தபோது அது இல்லாமல் போனது. பிறகு விருப்பு வாக்கு வந்தது. தொகுதிக்குள் வீடு வீடாகப் போன காலம் போய், ஒரு வேட்பாளர் வாகரையில் இருந்து கொக்கட்டிச்சோலை வரைக்கும், தன் சொந்தக் கட்சிக்காரனையும் எதிர்த்து, மாவட்டம் முழுக்கப் போஸ்டர் ஒட்ட வேண்டிய காலம் வந்தது. செலவு ஏறியது, கணக்கு மறைந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. ஒரு தலைமுறை அரசியல்வாதிகள் யாரிடம் வாங்கினோம் என்று ஒருதரம்கூடச் சொல்லாமல் வந்து, ஆண்டு, ஓய்வூதியமும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் இதை மாற்ற வந்தது. அதன்கீழ் 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு ஆணைக்குழு ஒரு எல்லை போட்டது: ஒரு வாக்காளருக்கு 109 ரூபா. பதிவான வாக்காளர் 1 கோடி 71 இலட்சத்துச் சொச்சம். பெருக்கிப் பாருங்கோ, ஒரு வேட்பாளர் 186 கோடி ரூபாவுக்கு மேல் செலவழிக்கலாம். மருந்துச் சட்டத்தின் பிரிவுக்கும் இதற்கும் ஒரே இலக்கம் விழுந்தது தற்செயல்தான். ஆனா எனக்கு அந்த இலக்கம் மறக்குதில்ல. ஒரு 109 பதிவில்லாத மருந்துக்கு வாசல், மற்ற 109 அந்த வாசலின் சாவியை வைத்திருக்கப் போகிறவரைத் தெரிவுசெய்ய ஆகும் செலவு.

சட்டம் வந்தது நல்லது, மறுக்கவில்லை. வெளிநாட்டு அரசாங்கம், வெளிநாட்டுக் கம்பனி, பெயர் தெரியாத கொடையாளி ஆகியோரிடம் வாங்கக்கூடாது என்கிறது. முடிவு வந்து 21 நாளுக்குள் வரவுசெலவுக் கணக்குக் கொடுக்கச் சொல்கிறது. ஆனா கவனியுங்கோ, நாங்கள் வாக்குப் போடும்போது அந்தக் கணக்கு எங்களிடம் இல்லை. வாக்குப் போட்டு, எண்ணி, பட்டாசு கொளுத்தி, அமைச்சரவை பதவியேற்ற பிறகுதான் யார் காசு கொடுத்தார் என்று பார்க்கலாம். கட்டின பிறகு சாதகம் பார்க்கிற கதைதான். அதிலும் சட்டம் பார்ப்பது தேர்தல் காலத்தை மட்டும். தேர்தலுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னமே ஒரு இறக்குமதியாளர் கட்சிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தால், வாகனம் கொடுத்தால், அது எந்தப் படிவத்தில் வரும்? அமைச்சரை யார் சந்தித்தார், எந்த மருந்தின் விலையைப் பற்றிப் பேசினார் என்று பதிவு வைக்கச் சொல்லும் சட்டமோ, லொபி செய்பவர் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டமோ இந்த நாட்டில் கிடையவே கிடையாது.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவைப் பார்க்க வேணும். அங்கே நிலைமை நல்லது என்பதற்காக இல்லை. 2003இல் முதியோருக்கான மெடிகெயார் திட்டத்தில் மருந்துக் கொடுப்பனவைச் சேர்த்தபோது, விலையைப் பேரம்பேச அரசாங்கத்துக்கே தடைபோட்டுச் சட்டம் எழுதினார்கள். அதை நடத்திக் கொடுத்தவர்களில் ஒருவரான காங்கிரஸ் உறுப்பினர் பில்லி டோசின், 2005இல் மருந்துக் கம்பனிகளின் சங்கத்துக்கே தலைவராகப் போனார். சம்பளம் வருடத்துக்கு 20 இலட்சம் டொலர் என்று செய்தி வந்தது. அந்தத் தடையை ஓரளவு உடைக்க 2022 வரை பிடித்தது. வெட்கக்கேடுதான். ஆனா இந்த வெட்கக்கேட்டை வந்தாறுமூலையில் இருந்துகொண்டு என்னால் எழுத முடிகிறது. ஏன்? அங்கே 1995ஆம் ஆண்டுச் சட்டம் லொபி செய்பவரைப் பதிவு செய்ய வைக்கிறது. மருந்துத் துறை இப்போது வருடத்துக்கு 30 கோடி டொலருக்கு மேல் லொபிக்குச் செலவழிப்பதை இணையத்தில் எவரும் பார்க்கலாம். அவர்களின் அழுக்கு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. எங்கட அழுக்கு சாக்குக்குள் கட்டிக் கிடக்கு.

பக்கத்து இந்தியாவிலும் சாக்குத்தான் இருந்தது, தேர்தல் பத்திரம் என்ற பெயரில். 2024 பெப்ரவரி 15ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்துச் செய்து, வாங்கியவர் பெயரை வெளியிடச் சொன்னது. மார்ச்சில் பட்டியல் வந்தபோது அதில் மருந்துக் கம்பனிகள் ஒன்றல்ல இரண்டல்ல, வரிசையாக நின்றன. நாங்கள் விழுங்குகிற குளிசையில் பெரும்பகுதி வருகிற நாடு அது. அங்கே தரம் பார்க்கிறவரின் எசமானுக்குக் கம்பனி காசு கொடுத்திருந்தால், அதன் கசப்பு எங்கட நாக்கிலும் வரும்.

சரி, இப்ப புது அரசாங்கம் வந்துட்டுது, 225இல் 159 ஆசனம், ஊழலுக்கு எதிரான கட்சி, இனி எல்லாம் மாறும் என்கிறீர்களா? மாறட்டும். நானும் காத்திருக்கிறன். ஆனா நல்ல ஆக்களை வைச்சு ஓட்டை உள்ள சட்டத்தை நடத்துவதும் ஓட்டையை அடைப்பதும் ஒன்றில்லை. மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு 109ஆம் பிரிவுக்குக் கீழே ஒரு உபபிரிவு சேர்ப்பது ஒரு பின்னேர வேலை: "கொடுத்த ஒவ்வொரு விலக்கும் இத்தனை நாளுக்குள் காரணத்தோடு பகிரங்கமாக்கப்பட வேண்டும்." அதைச் செய்யாத ஒவ்வொரு மாதமும் அவர்களிடம் கேட்கத்தான் வேணும்.

எங்கட பக்கத்தையும் விட்டுவிட முடியாது. நாடு முழுக்க 21 மாவட்டங்களைத் தேசிய மக்கள் சக்தி பிடித்தபோது அதற்கு விழாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. அதில் பெருமைப்பட்டவர்கள் நிறைய. பெருமைப்படுங்கோ. ஆனா அந்தப் பிரதிநிதிகளிடம் ஆஸ்பத்திரி என்று சொன்னால் அவர்களுக்குத் தெரிவது கட்டடம், அடிக்கல், நாடா வெட்டு, அம்புலன்ஸ் சாவி கொடுக்கிற படம். ஏறாவூரிலோ வாழைச்சேனையிலோ வார்டு கட்டினால் போஸ்டர் வரும். மருந்துச் சட்டத்தின் உபபிரிவுக்குப் போஸ்டர் வராது. வார்டு கட்டி முடிந்து, அதுக்குள்ள படுத்திருக்கிற ஆளுக்கு ஏற்றின ஊசி எங்கே இருந்து வந்தது என்று கேட்கிற ஒரு தமிழ் எம்.பி. எங்களுக்கு வேணும். அதோட, புலம்பெயர்ந்த உறவுகளின் காசு, உள்ளூர்க் கொந்தராத்துக்காரரின் காசு என்று எங்கட கட்சிகளின் மேடைகளுக்குப் பின்னாலும் கொடையாளிகள் நிற்கிறார்கள். உரிமைப் போராட்டம் என்பதற்காக அந்தக் கணக்கைக் கேட்கக்கூடாது என்று ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறோம். கொழும்புக்காரனிடம் கேட்கிற கேள்வியை மட்டக்களப்பானிடம் கேட்காமல் விட்டால் அது அரசியல் இல்லை, சொந்தக்காரத்தனம்.

என்ன செய்யலாம் என்றால், ஊர்வலத்துக்கு முன்னம் ஒரு வேலை இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எங்கட கையில இருக்கு. தமிழில் எழுதிக் கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. நான் எழுதத் தொடங்கியிருக்கிற விண்ணப்பங்கள் இரண்டு. ஒன்று ஒளடதங்கள் அதிகாரசபைக்கு: 2022 ஜனவரி தொடக்கம் இன்றுவரை 109ஆம் பிரிவின்கீழ் கொடுத்த ஒவ்வொரு அனுமதியும், மருந்தின் பெயர், இறக்குமதியாளர், அளவு, காரணம், கையெழுத்திட்ட பதவி. மற்றது தேர்தல் அலுவலகத்துக்கு: மட்டக்களப்பு மாவட்டத்தில் 2024 பொதுத் தேர்தலில் போட்டியிட்ட எல்லாரும் கொடுத்த வரவுசெலவு அறிக்கைகளின் பிரதி. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பெயர் இரண்டிலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் நல்லது, அதையும் இங்கேயே எழுதுவன்.

மூன்றாவது விண்ணப்பம் உங்களுக்கு. உங்கட ஊர் ஆஸ்பத்திரியில் போன மூன்று மாதத்தில் எந்தெந்த மருந்து இருப்பில் இல்லாமல் வெளியில் வாங்கத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கோ. செங்கலடி, களுவாஞ்சிக்குடி, வாகரை, எந்த ஊராக இருந்தாலும் சரி. பதில் வந்தால் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ. 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லத்தான் வேணும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு எப்படி எழுதுவது என்பதை அடுத்த பதிவில் போடுறம்.